பழைய பிக்கப்பைத் தாழ்த்தத்தான் வேண்டுமா?

சிறு விவசாயிகள் பழைய பிக்கப் வண்டி வாங்குவது இப்போது கிராமங்களில் சகஜமாகிவிட்டது. ஒரு காலத்தில் கட்டை வண்டி நின்ற இடத்தில், பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிக் களைத்த குட்டியானையோ வேறொரு பிக்கப்போ நிற்கிறது. இரண்டு மூன்று ஏக்கர்க்காரரால் புது வண்டிக்குத் தவணை கட்ட இயலாது. பழையதை வாங்கித்தான் காய்கறியையும் பாலையும் தீவனத்தையும் ஏற்ற வேண்டியிருக்கிறது. இதில் தவறொன்றும் இல்லை. வாடகை வண்டிக்காரரின் சௌகரியத்துக்குக் காத்திராமல், விடியற்காலைச் சந்தைக்குத் தன் சரக்கைத் தானே கொண்டு சேர்ப்பது சிறு விவசாயிக்குக் கிடைத்த பெரிய விடுதலை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் வண்டி வாங்கிய சில வாரங்களிலேயே ஒரு குறை தலைகாட்டுகிறது. பின்பக்கம் உயரமாக இருக்கிறது. பெட்டியைத் தூக்கிப் பாடிக்குள் வைக்க இடுப்புக்கு மேல் கையை உயர்த்த வேண்டியிருக்கிறது. “அரை அடி தாழ்வாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்” என்று வீட்டில் பேச்சு எழுகிறது. சாலையோரப் பட்டறையில் கேட்டால், “பட்டையை இறக்கிவிட்டால் போச்சு, ஒரு நாள் வேலைதான்” என்று பதில் வருகிறது. செலவும் அதிகம் ஆகாது என்கிறார்கள். செய்யலாமா, கூடாதா?

முதலில், இந்தக் குறை வீண் புலம்பல் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2005-ல் சந்தைக்கு வந்த டாடா ஏஸ், அதாவது நம் ஜனங்கள் குட்டியானை என்று பெயர் வைத்த வண்டி, முக்கால் டன் பாரத்துக்குச் செய்யப்பட்டது. 25 கிலோ தக்காளிப் பெட்டி என்று வைத்துக்கொண்டால் ஒரு நடைக்கு 30 பெட்டி. ஒரு பருவத்தில் 100 நடை போனால் 3,000 பெட்டி, 75 டன். வண்டி தேவைக்கு மேல் அரை அடி உயரமாக நின்றால், அந்தப் பருவத்தில் 75 டன்னை அரை அடி வீணாகத் தூக்கியிருக்கிறோம் என்று அர்த்தம். தூக்குவது யார்? கூலி ஆள் கிடைக்காத காலத்தில் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். 40 லிட்டர் பால் கேனை எடுத்துக்கொண்டால் அதன் எடை கேனோடு சேர்த்து ஏறக்குறைய 50 கிலோ. அதை இடுப்பு மட்டம் வரை தூக்குவது ஒரு கஷ்டம். அதற்கு மேல் நெஞ்சு மட்டத்துக்கு ஏற்றுவது வேறு கஷ்டம். முதுகு பிடித்துக்கொள்வது பின்னால் சொன்ன இடத்தில்தான்.

பழைய மாட்டு வண்டி விஷயத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சமே குறைந்த மரச் சக்கரம் போய் ரப்பர் டயர் வந்தபோது, மாட்டுக்கு இழுவை குறைந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். பாரம் ஏற்றும் தளம் தாழ்ந்து ஏற்றுபவருக்கும் சுலபமானது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. ஆகவே வண்டியின் தளம் தாழ்வாக இருக்க வேண்டும் என்று விவசாயி நினைப்பது நியாயம். எந்த வழியில் தாழ்த்துவது என்பதில்தான் எனக்குப் பட்டறைக்காரர்களோடு அபிப்பிராய பேதம்.

கமான் பட்டையின் சங்கதி

பிக்கப்பின் பின்பக்கத்தைத் தாங்குவது கமான் பட்டை. நீளமான எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட்டால் துளைத்துக் கட்டி, யு போல்ட்டுகளால் அச்சோடு இறுக்கியிருப்பார்கள். இரண்டு முனைகளும் சேஸிஸில் மாட்டியிருக்கும். பாரம் ஏறும்போது வளைவு நிமிர்ந்து, பாரம் இறங்கியதும் பழைய நிலைக்கு வரும். பட்டைகள் எத்தனை, எவ்வளவு கனம், எவ்வளவு வளைவு என்பதை வைத்தே வண்டியின் உயரமும் தாங்கும் சக்தியும் அமைகின்றன.

குறைந்த செலவில் தாழ்த்துவதற்குப் பட்டறைகளில் சொல்லப்படும் வழிகள் சில உண்டு. பட்டையைக் கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைவைத் தட்டி எடுப்பது ஒன்று. அடுக்கிலிருந்து ஒன்றிரண்டு பட்டைகளை உருவிவிடுவது இன்னொன்று. அச்சுக்கு மேலே இருக்கும் பட்டையை அச்சுக்குக் கீழே மாற்றிக் கட்டுவது மூன்றாவது. சின்ன டயர் போடலாம் என்றும் சிலர் சொல்வார்கள்.

காய்ச்சும் வழியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது கூடவே கூடாது. ஊரில் அரிவாள் அடிக்கும் ஆசாரியைக் கேளுங்கள். பழைய லாரிப் பட்டையை எடுத்து அரிவாள் அடிப்பவர் அவர்தான். எஃகைக் காய்ச்சித் தோய்த்துப் பதம் ஏற்றினால்தான் அது வளைந்து மீளும், வெட்டும். பதம் ஏற்றிய இரும்பை மறுபடி சிவக்கக் காய்ச்சி ஆற விட்டால் பதம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். தொழிற்சாலையில் கணக்காகச் சூடேற்றி, எண்ணெயில் குளிர்வித்து, மீண்டும் மிதமாகச் சூடேற்றிச் செய்த ஸ்பிரிங் பட்டை, ரோட்டோரக் கேஸ் விளக்கில் பத்து நிமிஷம் காய்ந்தால் வெறும் இரும்பாகிவிடுகிறது. அன்றைக்கு இரண்டு அங்குலம் தாழும். அடுத்த மாதம் தானாகவே இன்னும் தாழும். ஒரு நாள் முழு லோடில், காய்ச்சிய இடத்துக்குப் பக்கத்திலேயே முறியும்.

மேலிருக்கும் பட்டையைக் கீழே மாற்றிக் கட்டினால் வண்டி நிறையவே தாழும். அச்சின் கனமும் பட்டை அடுக்கின் கனமும் சேர்ந்த அளவுக்குத் தாழ்ந்துவிடும். பார்ப்பதற்கு ஜோராக இருக்கும். அமெரிக்காவில் கலிபோர்னியா பக்கம் பழைய பிக்கப்புகளை இப்படித் தரையைத் தடவுகிற மாதிரி தாழ்த்தி ஓட்டுவது இளைஞர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. அவர்கள் தார் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை உலாப் போகிறவர்கள். நம் வண்டி வரப்பைத் தாண்ட வேண்டும், வாய்க்கால் பாலத்தில் ஏற வேண்டும், மழைக்கால வண்டித் தடத்தில் இறங்க வேண்டும். பட்டை அச்சுக்குக் கீழே போனால் யு போல்ட்டின் நுனிகளும் அடித்தகடும் அச்சைவிடத் தாழ்வாகத் தொங்கும். முதல் வரப்பிலேயே மாட்டும். தவிர, அச்சில் புதிதாக இருக்கை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அச்சின் சாய்மானம் கொஞ்சம் மாறினாலும் புரப்பல்லர் ஷாப்ட்டின் கோணம் மாறி, கிராஸ் ஜாயின்ட் சீக்கிரம் தேய்ந்து, வண்டி உதறும். மலிவு என்று ஆரம்பித்த வேலை மலிவில் முடியாது.

அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்தால் தாழும் என்று யாராவது சொன்னால், நின்று யோசியுங்கள். பட்டை அச்சுக்குக் கீழே இருக்கும் வண்டியில்தான் கட்டை வைத்தால் தாழும். மேலே இருக்கும் வண்டியில் கட்டை வைத்தால் உயரும்! வேறு நாட்டு வண்டியின் வைத்தியத்தை நம் வண்டிக்குச் சொல்கிறார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

சின்ன டயர் விஷயமும் இப்படித்தான். டயரின் மொத்த உயரத்தில் இரண்டு அங்குலம் குறைந்தால் வண்டி ஓர் அங்குலம்தான் தாழும். டயர் தாங்கும் பாரமோ குறைந்துபோகும். மீட்டர் காட்டும் வேகமும் தப்பாகும்.

பிரேக்குக்கு வரும் ஆபத்து

வண்டியின் உயரத்தை மாற்றுகிறவர்கள் அநேகமாகக் கவனிக்காத ஒன்று பிரேக். பல பிக்கப்புகளில் பின் சக்கர பிரேக்குக்குப் போகும் குழாயில் ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். வால்வு சேஸிஸில் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியோ சுருள் ஸ்பிரிங்கோ பின் அச்சுக்குப் போய் மாட்டியிருக்கும். குனிந்து பார்த்தால் தெரியும். லோடு ஏற ஏற பாடி இறங்கி, சேஸிஸுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளி குறையும். அப்போது கம்பி நகர்ந்து, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போக வழிவிடும். காலி வண்டியில் இடைவெளி அதிகம். பின் பிரேக்குக்கு அழுத்தம் குறைத்தே போகும். இதற்குக் காரணம் உண்டு. காலி வண்டியில் பின் சக்கரத்தின்மேல் பாரமில்லை. அப்போது முழு பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். வண்டி பின்பக்கமாகச் சுழன்றுவிடும்.

அந்த வால்வுக்கு லோடு எவ்வளவு என்று தெரியாது. இடைவெளி எவ்வளவு என்று மட்டுமே தெரியும். நீங்கள் பட்டையை இறக்கி இடைவெளியைக் குறைத்துவிட்டால், காலி வண்டியையே லோடு வண்டி என்று அது நினைத்துக்கொள்ளும். சந்தையிலிருந்து காலியாகத் திரும்பும்போது, தூறல் போட்ட தார் ரோட்டில், குறுக்கே ஓர் ஆடு ஓடி வந்து பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதைத் திருப்பியும் பார்க்க வேண்டும். பட்டையைக் கூட்டி வண்டியை உயர்த்தினாலும் ஆபத்துதான். அப்போது முழு லோடு ஏற்றினாலும் இடைவெளி பெரிதாகவே இருக்கும். வண்டி காலி என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். இறக்கத்தில் லோடோடு வரும்போது, முன் பிரேக் ஒன்றே முழு வண்டியையும் பிடித்து நிறுத்தப் பாடுபடும்.

இன்னும் சில சங்கதிகள் உண்டு. அச்சுக்கு நேர்மேலே சேஸிஸில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். வண்டி தாழ்ந்தால் அச்சுக்கும் அதற்கும் உள்ள இடம் குறைந்து, குழியில் இறங்கும்போதெல்லாம் அச்சு அதில் மோதும். நாளடைவில் சேஸிஸில் கீறல் விடும். பின்பக்கம் மட்டும் தாழ்ந்தால் முன் விளக்கின் வெளிச்சம் மேலே தூக்கி எதிரே வருகிறவர் கண்ணைக் கூச வைக்கும்.

இவ்வளவு உயரம் எங்கிருந்து வந்தது?

பட்டறைக்குப் போவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோதே இவ்வளவு உயரமாகத்தான் இருந்ததா? என் அபிப்பிராயத்தில், பழைய பிக்கப் வாங்கிய விவசாயிகளில் பலருக்கு இதற்குப் பதில் ‘இல்லை’ என்பதாகத்தான் இருக்கும். முதலில் வைத்திருந்தவர் வாடகைக்கு ஓட்டியிருப்பார். செங்கல்லோ, ஜல்லியோ, இரும்புக் கம்பியோ ஏற்றியிருப்பார். முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும் அல்லவா? அது உட்காராமல் இருக்க அடுக்கில் ஒன்றோ இரண்டோ பட்டைகளைக் கூடுதலாகச் சேர்த்திருப்பார். நீங்கள் குறைசொல்லும் உயரம் அவர் ஏற்றிய அதிக பாரத்தின் மிச்சம்!

இதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, சக்கரத்தின் நடுவிலிருந்து பாடியின் அடி விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பட்டைகளை எண்ணுங்கள். அதே மாடல், அதே வருஷத்து வண்டி, கைபடாதது, ஊரில் இன்னொன்று இருந்தால் அதையும் எண்ணி அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் உதிரிபாகப் பட்டியலைக் கேட்டாலும் பட்டை எத்தனை என்று சொல்லிவிடுவார்கள். பின்னால் சேர்த்த பட்டை பெரும்பாலும் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். அதன் வளைவு மற்ற பட்டைகளோடு ஒட்டாது. கனமும் அகலமும் வேறாக இருக்கும். யு போல்ட்டும் சென்டர் போல்ட்டும் மற்றவற்றைவிடப் புதிதாக, நீளமாக இருக்கும். இடது பக்கம் ஒரு எண்ணிக்கை, வலது பக்கம் வேறு எண்ணிக்கை இருக்கும் வண்டிகளும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. பல வண்டிகளில் அடுக்கின் அடியிலோ மேலேயோ, அதிகம் வளையாமல் தட்டையாக ஒரு பட்டை கம்பெனியே வைத்திருக்கும். காலி வண்டியில் அது வேலை செய்யாது. லோடு ஏறிய பிறகுதான் கைகொடுக்கும். அதைக் கூடுதல் பட்டை என்று எண்ணிக் கழற்றிவிடக் கூடாது. கம்பெனிப் பட்டியலை ஒப்பிடச் சொல்வது இதற்காகத்தான்.

கூடுதல் பட்டை இருப்பது உறுதியானால் அதைக் கழற்றுங்கள். சிக்கனத்தில் வண்டியைத் தாழ்த்த நான் சிபாரிசு செய்யும் வழி இது ஒன்றுதான். பட்டையின் கனம் அளவுக்கு மட்டும் வண்டி இறங்கும் என்று நினைக்க வேண்டாம். அடுக்கின் விறைப்பும் குறைவதால் அதற்கும் மேலாகவே இறங்கும். பயணத்தில் உதறலும் குறையும். தக்காளி நசுங்குவது குறைந்தாலே கழற்றிய கூலி வந்துவிடும். பிரேக் வால்வும் தான் செய்யப்பட்ட கணக்குக்குத் திரும்பிவிடும், முன்பு உயர்த்தியவர் அதன் கம்பியைத் திருகி மாற்றியிருக்காவிட்டால். மாற்றியிருக்கிறாரா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலையை ஸ்பிரிங் வேலை தெரிந்த பட்டறையில் கொடுக்க வேண்டும். வீட்டில் ஜாக்கி வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம். சென்டர் போல்ட்டை வெட்டும்போது அடுக்கு விருட்டென்று விரியும், கை போய்விடும். அடுக்கைப் பிரித்த கையோடு புஷ்களையும் பின்களையும் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். யு போல்ட்டும் சென்டர் போல்ட்டும் புதிதாகப் போடுங்கள். ஒரு தடவை இழுத்து இறுக்கிய யு போல்ட்டை மறுபடி நம்ப முடியாது. அதில் மிச்சம் பிடிக்கிற காசு காசல்ல. லோடோடு சில நடை ஓடிய பிறகு நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கச் சொல்ல வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

“பட்டையைக் கழற்றிவிட்டால் லோடு தாங்காதே?” என்று கேட்பார்கள். எவ்வளவு லோடு? ஆர்.சி. புத்தகத்தில் காலி எடையும் மொத்த எடையும் அச்சடித்திருக்கிறது. வித்தியாசத்தைப் பாருங்கள். முக்கால் டன் வண்டியில் நெல் கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டை 18 தான் ஏற்றலாம். அதற்குக் கம்பெனிப் பட்டையே போதும். அதற்கு மேல் ஏற்றப் பட்டையைச் சேர்க்கலாம். ஆனால் அச்சும் பிரேக்கும் டயரும் சேர்த்த பட்டையால் பலம் பெறுவதில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் ரூ. 20,000. அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000. மூன்று நடை லாபம் ஒரு செக்போஸ்ட்டில் கரைந்துவிடும்.

தயாரிப்பாளர் அமைத்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவது பற்றியும் சட்டம் கண்டிப்பாகவே இருக்கிறது. அதே சட்டத்தின் 52-வது பிரிவு இதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. அச்சுக்கு மேலிருந்த பட்டையைக் கீழே மாற்றிக் கட்டுவதும், வெட்டி ஒட்டுவதும் இந்த வகையில்தான் சேரும் என்று கொள்ள வேண்டும். எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டியிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை அதிகாரி முன்னால் நிற்கப் போகிற வண்டியில் இந்த வேலைகளைச் செய்து வைத்தால், ஒவ்வொரு வருஷமும் பயந்துகொண்டே போக வேண்டியதுதான். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு சாக்குக் கிடைத்த மாதிரி ஆகும். கூடுதல் பட்டையைக் கழற்றுவதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அது வண்டியை மாற்றுவதல்ல, பழைய நிலைக்குக் கொண்டுவருவது.

மண்ணை உயர்த்துங்கள்

கழற்றிய பிறகும் தளம் உயரமாகத்தான் இருக்கிறது என்றால்? இருக்கத்தான் செய்யும், லோடு வண்டி அவ்வளவு தாழாது. அதற்கு மேல் வண்டியில் கைவைக்காமல் மண்ணில் கைவைக்க வேண்டும் என்பது என் வாதம்.

ரயில்வே கூட்ஸ் ஷெட்டைப் பார்த்திருப்பீர்கள். வேகனைத் தாழ்த்தியா மூட்டை ஏற்றுகிறார்கள்? வேகன் தளத்தின் மட்டத்துக்கு மேடை கட்டியிருக்கிறார்கள். அதே யோசனைதான் நம் களத்துக்கும். 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒரு மண் மேடைக்கு 120 கன அடி மண் வேண்டும். ஏறிப்போக 12 அடி நீளம், 4 அடி அகலத்தில் சரிவுப் பாதைக்கு 48 கன அடி. இரண்டும் சேர்ந்து 168 கன அடி. இறுகுவதையும் சேர்த்து இரண்டு யூனிட் மண் என்று வைத்துக்கொள்ளலாம். கிணறு தூர் வாரிய மண்ணோ, பண்ணைக்குட்டை வெட்டிய மண்ணோ இருந்தால் வாங்கவும் வேண்டாம். வண்டி வந்து ஒட்டி நிற்கும் பக்கத்தில் மட்டும் மண் சரியாதபடி கருங்கல் அடுக்கோ, விழுந்த தென்னை மரத்துண்டுகளோ வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். வண்டியின் தளம் மூன்று அடி உயரம் என்றால், இந்த மேடையில் நிற்பவருக்கு அது ஓர் அடி உயரம்தான்.

பாரம் எப்படியும் மேலே போயாக வேண்டுமே, சரிவில் சுமந்து ஏறுவதும் பாடுதானே என்று கேட்கலாம். பாடுதான். ஆனால் அந்தப் பாட்டைக் கால் படுகிறது, முதுகு படுவதில்லை. தள்ளுவண்டி இருந்தால் கால்கூடப் பட வேண்டாம். பால் கேனை உருட்டியே ஏற்றிவிடலாம். நிலம் மேடும் பள்ளமுமாக இருக்கும் ஊர்களில் இந்தச் செலவும் மிச்சம். மேல் வயலின் ஓரத்தில் பெட்டிகளை அடுக்கி, வண்டியைக் கீழே உள்ள தடத்தில் நிறுத்தினால் மேடை தானாகவே அமைந்துவிடுகிறது.

சிலர் மேடைக்குப் பதிலாக வண்டியின் பின் சக்கரம் இறங்குவதற்குப் பள்ளம் வெட்டுகிறார்கள். செம்மண்ணிலும் சரளையிலும் இது நல்ல வழியே. ஓர் அடி ஆழத்துக்குப் பத்தடி நீளமாவது சரிவு கொடுத்து வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் லோடோடு ஏறும்போது கிளட்ச் தேயும். களிமண் நிலத்தில் மட்டும் வேண்டாம். ஐப்பசியில் தண்ணீர் நின்று, வண்டி அதிலேயே உட்கார்ந்துவிடும்.

விவசாயியின் களத்தில் ஏற்றுவது பாதி வேலை. இறக்குவது சந்தையில். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளும், கொள்முதல் நிலையங்களும், பால் சேகரிக்கும் இடங்களும் சிறு வண்டிகள் வந்து அணையும்படி ஒரு தாழ்வான மேடை கட்டி வைப்பது பெரிய செலவல்ல. பெரிய குடோன்களில் லாரி மட்டத்துக்கு மேடை இருக்கிறது. பத்துப் பெட்டி கொண்டுவரும் விவசாயி மட்டும் இன்னும் தரையில் நின்றுகொண்டுதான் இறக்குகிறார். கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கும்போது அதிகாரிகள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வண்டி செய்யும் கம்பெனிகளும், பாரம் எத்தனை டன் என்று விளம்பரம் செய்வதோடு தளம் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்பதையும் பெரிதாகச் சொன்னால் வாங்குகிறவர் ஒப்பிட்டு வாங்குவார். பழைய வண்டி வாங்கப் போகிறவரும் எஞ்சின் சத்தத்தைக் கேட்கும் அளவுக்கு, ஒரு டேப்பைக் கொண்டுபோய்ப் பின் தளத்தின் உயரத்தையும் அளந்து பார்ப்பது நல்லது. தரகர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

மேடை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே வண்டித் தடத்தைப் பயன்படுத்தும் நாலைந்து பேர் சேர்ந்து தடத்தின் முனையில் பொதுவாக ஒன்று போட்டுக்கொண்டால் ஆளுக்கு அரை நாள் வேலைதான் ஆகும். தடம் புறம்போக்காக இருந்தால் முன்கூட்டியே ஊராட்சியில் சொல்லிவிட வேண்டும். மேடையை மழைக்கு முன் போட்டு, ஒரு மழையில் இறுக விட்டு, சரிந்த இடத்தில் மண் நிரப்பி, சரிவின் மேல் கொஞ்சம் சரளை கொட்டித் திமிசு போட்டுவிட்டால் தை அறுவடைக்குத் தயாராகிவிடும்.